பிக்கப்புக்கு எந்த கியர் ஒயில், எப்ப மாத்திறது, மழைக்குப் பிறகு என்ன பாக்கிறது

யாழ்ப்பாணத்தில ஏத்தமும் இல்ல இறக்கமும் இல்ல, பேந்தேன் கியர்பொக்ஸ் பழுதாப்போகுது எண்டு கனபேர் கேப்பினம். இஞ்ச மலை இல்லத்தான், ஆனா கார்த்திகை மாசத்தில ஒழுங்கை முழுக்க வெள்ளம், கரையோரத்தில உப்புத்தண்ணி, வெங்காய மூட்டையையும் சீமெந்தையும் அளவுக்கு மிஞ்சி ஏத்திக்கொண்டு ஏ9இல தம்புள்ள மட்டும் ஒரே ஓட்டம். அதோட எல்லாம் ஒயில் தானே எண்டு கிடைச்சத ஊத்திற பழக்கமும் இருக்கு. போர்க்காலத்தில எரிபொருள் தடை இருக்கேக்க மண்ணெண்ணெயில வாகனம் ஓட்டின சனம் நாங்கள், அப்ப வேற வழி இருக்கேல்ல, இப்ப வழி இருக்கு. 2020இல இருந்து 2025இன்ர தொடக்கம் வரைக்கும் வாகன இறக்குமதி நிண்டதால பழைய ஹைலக்ஸ், ஹைஏஸ் எல்லாத்துக்கும் தங்க விலை, கியர்பொக்ஸ் ஒண்டு போனா அதுக்கு மாத்து தேடுறது லேசுப்பட்ட வேலையில்ல. அதால ஒயில் விசயத்தில கொஞ்சம் மினக்கெடுங்கோ.

முதல்ல ஒண்டு விளங்கவேணும், ஒரு நாலு வீல் ட்ரைவ் பிக்கப்பில ஒரு இடத்தில இல்ல நாலு இடத்தில கியர் ஒயில் இருக்கு, கியர்பொக்ஸ், இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கிற ட்ரான்ஸ்பர், அதை ரெண்டு பக்கச் சில்லுக்கும் குடுக்கிற முன் டிப்ரன்சல், பின் டிப்ரன்சல். நாலுக்கும் ஒரே ஒயில் எண்டு இல்ல. போத்தலில ஒயிலின்ர வகை ஜிஎல்-4, ஜிஎல்-5 எண்டு போட்டிருக்கும், 5 பெரிய நம்பர் தானே அது தான் திறம் எண்டு நினைச்சு வாங்கிறவை இருக்கினம், அங்க தான் பிழை. டிப்ரன்சலுக்குள்ள பல்லுச்சக்கரம் ஒண்டில ஒண்டு உரசிக்கொண்டு பயங்கர அழுத்தத்தில சுத்தும், அதைத் தாங்க கந்தகம் பொஸ்பரஸ் மருந்து கனக்கச் சேர்த்தது தான் ஜிஎல்-5. மனுவல் கியர்பொக்ஸுக்குள்ள சின்குறோ றிங் எண்டு பித்தளை வளையம் இருக்கு, கியர் மாத்தேக்க அது மற்றச் சக்கரத்தைப் பிடிச்சு வேகத்தைச் சமப்படுத்தவேணும், அதுக்குக் கொஞ்சம் பிடி வேணும். ஜிஎல்-5 வழுக்கல் கூட, சில ஜிஎல்-5இல இருக்கிற மருந்து பித்தளையையும் அரிக்கும். அதால கியர்பொக்ஸுக்கு ஜிஎல்-4 75டபிள்யூ-90, டிப்ரன்சலுக்கு ஜிஎல்-5 80டபிள்யூ-90 எண்டு வைச்சுக்கொண்டா பெரும்பாலும் சரிவரும், பின்னால இருக்கிற நம்பர் ஒயிலின்ர தடிப்பைச் சொல்லுறது. சில ரொயோட்டா கையேட்டில கியர்பொக்ஸுக்கு ரெண்டும் போடலாம் எண்டே இருக்கும், அப்பிடியெண்டா பயமில்ல, கையேடு சொல்லுறது தான் கடைசிச் சொல்லு. ட்ரான்ஸ்பருக்கு சில மொடலுக்கு கியர் ஒயில், சில மொடலுக்கு ஓட்டோ கியர் ஒயில், அதையும் பாத்துத்தான் ஊத்தவேணும். பின் டிப்ரன்சல் எல்எஸ்டி, அதாவது ஒரு சில்லு மட்டும் வழுக்கிச் சுத்தாமத் தடுக்கிற வகை எண்டா போத்தலிலயும் எல்எஸ்டி எண்டு இருக்கவேணும்.

என்ர ஹைலக்ஸுக்கு ஒரு கராஜில டிப்ரன்சலுக்கு எடுத்த அதே ஒயிலை கியர்பொக்ஸுக்கும் ஊத்திவிட்டவை, நானும் பக்கத்தில நிண்டு பாத்துக்கொண்டு தான் நிண்டனான். ரெண்டு கிழமையால காலமையில ரெண்டாவது கியர் போடேக்க கரகரவெண்டு சத்தம், சூடாகினாப் பிறகு குறையும், அடுத்தநாள் விடிய திரும்பவும். நல்லகாலம் கெதியா மாத்தினதால தப்பிச்சிட்டுது, இன்னும் ஓடிக்கொண்டு திரிஞ்சிருந்தா றிங் முடிஞ்சிருக்கும். இன்னொரு பழக்கமும் இருக்கு, கியர்பொக்ஸ் சத்தம் போட்டா 140 எண்ட தடிச்ச ஒயிலை ஊத்திறது. சத்தம் அமரும் உண்மை தான், ஆனா தேய்ஞ்ச பெயாரிங் தேய்ஞ்சபடி தான் கிடக்கும், தடிச்ச ஒயில் குளிர்ல எல்லா இடமும் போய்ச்சேரவும் நேரம் எடுக்கும். விக்கப்போற வாகனத்துக்கு ஆரும் இப்பிடிச் செய்திருப்பினமோ எண்டு வாங்கேக்க நீங்கள் தான் பாக்கவேணும்.

ஓட்டோ கியர் வைச்சிருக்கிறவை இன்னும் கவனமா இருக்கோணும். ஒயில் அனேகமா சிவப்பு, அதால நிறத்தை வைச்சு ஒண்டும் சொல்லேலாது, வகையின்ர பேரைத்தான் பாக்கோணும். பழைய டொல்பின் ஹைஏஸ் வான் மாதிரியானதுக்கு டெக்ஸ்ரோன், இடைக்கால ரொயோட்டாவுக்கு ரைப் ரி-4, பிறகு வந்ததுக்கு டபிள்யூஎஸ். டபிள்யூஎஸ் நல்ல மெல்லிய ஒயில், அது கேக்கிற பொக்ஸுக்கு பவர் ஸ்ரியரிங்குக்கு வாங்கின மிச்ச டெக்ஸ்ரோனை ஊத்தக்கூடாது. சிவிரி, அதாவது பெல்ட்டில ஓடுற ஓட்டோ எண்டா அதுக்கெண்டு உள்ள ஒயில் மட்டும் தான், ஒரு சொட்டும் வேறை வேண்டாம். ஒயில் அளவு பாக்கிற கம்பி, டிப்ஸ்டிக், இருந்தா அதிலயே அனேகமா ஒயில் பேர் அடிச்சிருக்கும், கடைக்குப் போக முதல் அதைப் படம் எடுத்துக்கொண்டு போங்கோ. போத்தல் மூடியில சீல் உடைஞ்சிருந்தா வாங்காதேங்கோ, பரலில இருந்து அளந்து குடுக்கிறதும் வேண்டாம்.

மாத்திற காலம் எண்டா நான் 40,000 கிலோமீற்றருக்கு ஒருக்கா மாத்திறன், பாரம் ஏத்தி ஓடுறவை, வன்னிப் பக்கம் வயலுக்குள்ள இறக்கிறவை 20,000இல மாத்தினா நல்லது. மாத்தேக்க கொஞ்சத்தூரம் ஓடிப்போட்டு இளஞ்சூட்டில, நாலு சில்லும் சமமா நிக்கிற இடத்தில வைச்சுச் செய்யோணும், முன்னுக்கு மட்டும் ஜக் அடிச்சா அளவு பிழைக்கும். முதல்ல ஒயில் விடுற பிளக்கைக் கழட்டுங்கோ, அது இறுகி வரமாட்டன் எண்டு நிண்டா கீழ் பிளக்கைத் தொடவேண்டாம், கீழால எல்லாம் வடிச்சுப்போட்டு மேலால விட வழியில்லாம நிக்கிறதை நான் பாத்திருக்கிறன். கீழ் பிளக்கில காந்தம் இருந்தா அதில சேறுமாதிரி சாம்பல் நிறப் பொடி ஒட்டியிருக்கும், அது பரவாயில்ல, கைக்குப் பிடிபடுற மாதிரி இரும்புத் துண்டு வந்தா அது வேற கதை, ஒரு நல்ல மெக்கானிக்கிட்டக் காட்டுங்கோ. வொஷர் புதுசாப் போடுங்கோ. பிறகு மேல் ஓட்டையால ஒயில் வழியத் தொடங்கிற மட்டும் விட்டாக் காணும். ஓட்டோவில கீழால வடிக்கிறது மொத்த ஒயிலில ஒரு பங்கு தான், மிச்சம் எஞ்சினுக்கும் ஓட்டோ பொக்ஸுக்கும் நடுவில இருக்கிற கொன்வேட்டருக்குள்ள நிக்கும், அதால கொஞ்சநாள் இடைவெளி விட்டு ரெண்டு மூண்டு தரம் மாத்திறது நல்லது. ரொயோட்டாவில அளவு பாக்கிறது சூடா இருக்கேக்க, எஞ்சின் ஓடேக்க, ஒவ்வொரு கியரா ஒருக்காப் போட்டெடுத்து பி-யில விட்டு. டிப்ஸ்டிக் இல்லாத புது மொடல்களுக்கு சூடு அளந்து தான் பாக்கோணும், அது வீட்டு முத்தத்தில செய்யிற வேலையில்ல.

இனி வெள்ளம். ஓடி வந்த டிப்ரன்சல் நல்ல சூடா இருக்கும், அப்பிடியே வெள்ளத்துக்குள்ள இறக்கினா உள்ளுக்கு இருக்கிற காத்து டக்கெண்டு குளிர்ந்து சுருங்கும், சுருங்கேக்க வெளியால இருக்கிறதை உறிஞ்சும். அதுக்கு காத்துப் போய்வர மேல பிறீதர் எண்டு சின்ன மூடி இருக்கு, அது செம்மண் அடைச்சுக் கிடந்தா சீலால தண்ணி உள்ள போகும், அடைக்காட்டியும் தண்ணிக்குள்ள தாண்டா அதாலயே போகும். புரட்டாசி முடிய முதல் பிறீதரைக் கழட்டிக் கழுவி, ஏலுமெண்டா ஒரு றப்பர் குழாயை மாட்டி உயரத்துக்கு எடுத்துவிடுங்கோ. அக்சில் உயரத்துக்குத் தண்ணிக்குள்ள போய் வந்தனீங்கள் எண்டா ரெண்டு நாளுக்குள்ள மேல் பிளக்கைத் திறந்து விரல் விட்டுப் பாருங்கோ, பால்தேத்தண்ணி நிறத்தில வந்தா கிலோமீற்றர் பாக்காம மாத்துங்கோ. ஓட்டோவில தண்ணி கலந்தா றோஸ் நிறப் பால் மாதிரி இருக்கும், அதுக்கு வெள்ளமே தேவையில்ல. எங்கட கிணத்துத் தண்ணி சுண்ணாம்புத் தண்ணி, அதை ரேடியேற்றருக்கு விட்டு விட்டு ஒயில் கூலர் அரிச்சுப்போனா ரெண்டும் கலக்கும், கூலன்ற் விடுங்கோ.

கடற்கரைக்கு இறக்கிறவை, மீன் ஏத்திறவை, அண்டைக்கே நல்ல தண்ணியால அடிப்பக்கம் கழுவோணும், பிளக்கெல்லாம் துருப்பிடிச்சு இறுகுறது அதாலதான்.

வடிச்ச ஒயிலை வேலியோரம் ஊத்தாதேங்கோ. எங்கட நிலத்துக்குக் கீழ சுண்ணாம்புக்கல், மேல விட்டது கிணத்துக்குப் போறதுக்கு கனகாலம் எடுக்காது, சுன்னாகத்தில கிணறுகளில ஒயில் கலந்து சனம் குடிதண்ணிக்குப் பட்ட பாட்டை நாங்கள் கண்ணால கண்டனாங்கள். கானில விட்டு மூடி வையுங்கோ, அடுத்தமுறை சேர்விஸ் ஸ்ரேசனுக்குப் போகேக்க, பழைய ஒயில் எடுப்பினமோ எண்டு கேட்டுக் குடுக்கலாம். மாத்தின திகதியையும் கிலோமீற்றரையும் எந்த ஒயில் எண்டதையும் ஒரு துண்டில எழுதி பொனற்றுக்கு உள்பக்கம் ஒட்டிவிடுங்கோ.