வேற்றுக்கோளில் குடியேறியவர்களின் கதையை எழுதும் முறை

மனிதர்கள் வேற்றுக்கோளில் குடியேறி, அங்கேயே தோன்றி வளர்ந்த உயிர்களோடு சேர்ந்து வாழும் கதையை எழுத விரும்புவோர், அந்த உயிர்களுக்கு எத்தனை கை, எத்தனை கண் என்று எண்ணுவதற்கு முன், கோளின் நிலத்தையும் பொழுதையும் முடிவு செய்துகொள்ள வேண்டும். இவ்விரண்டையும் தொல்காப்பியம் முதற்பொருள் என்றது. மரம், விலங்கு, உணவு, தொழில் முதலிய கருப்பொருள்கள் அவற்றைச் சார்ந்தே அமைகின்றன. இவ்வகைக் கதைக்கு இதைவிடப் பொருத்தமான வேலைமுறையை நான் கண்டதில்லை.

2016-இல் கண்டறியப்பட்ட பிராக்சிமா சென்டாரி பி கோளை எடுத்துக்கொள்வோம். 4.2 ஒளியாண்டு தொலைவிலுள்ள அது, சிறிய செந்நிற விண்மீன் ஒன்றைச் சுமார் 11.2 நாள்களில் சுற்றிவிடுகிறது. இவ்வளவு நெருங்கிச் சுற்றும் கோள், நிலா நமக்கு ஒரே முகத்தைக் காட்டுவது போலத் தன் விண்மீனுக்கு ஒரே பக்கத்தைக் காட்டிக்கொண்டிருக்கக்கூடும். அப்படியானால் அங்கே பொழுது விடிவதுமில்லை, சாய்வதுமில்லை. அந்தி என்பது பகற்புறத்துக்கும் இருட்புறத்துக்கும் நடுவே வளையமாக நீளும் ஓர் இடமாகிவிடும். “அந்திக்குப் போய் ஒரு குடம் தண்ணீர் கொண்டு வா, கண்ணு” என்று பாட்டி பேத்தியிடம் சொன்னால் போதும். அந்த உலகத்தை விளக்கத் தனியே ஒரு பத்தி வேண்டியதில்லை.

அடுத்து, அங்குள்ள உயிர் எதைக் கொண்டு உலகை அறிகிறது என்று முடிவு செய்யுங்கள். குழிவிரியன் பாம்பு இருளிலும் இரையின் உடல்வெப்பத்தை உணர்கிறது. அத்தகைய உணர்வுடைய உயிர் நீர்க்கரைக்கு வரும்போது, சிறுமி சற்றுமுன் கையூன்றிய பாறையில் ஐந்து விரல்களும் இன்னும் வெதுவெதுப்பாகத் தெரியும். யார் வந்தது, எவ்வளவு நேரமாயிற்று என்பதை அது அந்தத் தடத்திலிருந்தே படித்துவிடும். நம்மவர்களுக்கோ அது வந்துபோனதே தெரியாது.

பூசலுக்கான காரணத்தையும் அறிவியலிலிருந்தே எடுங்கள். புரதங்களைக் கட்டும் அமினோ அமிலங்கள், நம் இரு கைகளைப் போல ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இடக்கை, வலக்கை வடிவங்களில் அமையக்கூடும். பூமியில் உயிர்களின் புரதங்கள் இடக்கை அமினோ அமிலங்களாலேயே பெரும்பாலும் ஆனவை. அங்கே வலக்கை அமிலங்கள் என்று வைத்துக்கொண்டால், ஒருவர் விளைச்சல் மற்றவருக்குச் சத்தாகாது. எனவே சோற்றுக்குச் சண்டை வராது, தண்ணீருக்குத்தான் வரும். பூமியிடம் தீர்ப்புக் கேட்டால், செய்தி ஒளிவேகத்திலேயே போய் வந்தாலும், மறுமொழி வர எட்டு ஆண்டுகளுக்கு மேலாகும். ஆகவே முறைவைத்து நீர் எடுக்கும் முதல் ஏற்பாட்டை இரு தரப்பும் அந்தக் கரையிலேயே செய்துகொள்ளும் காட்சியை முதலில் எழுதுங்கள். பாறையில் யார் முதலில் கைவைப்பது என்பதிலிருந்து தொடங்கலாம்.