வீட்டிலேயே பெஸ்டோ: பேசில் வாங்குவது முதல் மிச்ச இலையைத் தீர்ப்பது வரை

துளசிக்கு உறவான பேசில் இலையைக் கொட்டை, சீஸ், எண்ணெயோடு அரைக்கும் இத்தாலியச் சட்னிதான் பெஸ்டோ. அதற்கு அடுப்பே வேண்டாம். மொத்தம் ஏழு பொருள், இருபது நிமிட வேலை. அப்படியும் முதல்முறை செய்கிறவர்கள் இரண்டு இடத்தில் திணறுகிறார்கள். ஒன்று கடையில்: பைன் கொட்டை விலையைப் பார்த்ததும் ஆசையே போய்விடுகிறது. இன்னொன்று மிக்ஸியில்: பச்சைப் பசேலென்று உள்ளே போன இலை கறுத்து வெளியே வருகிறது. எந்தப் பொருளில் விட்டுக்கொடுக்கலாம், எதில் கூடாது என்று தெரிந்துகொண்டால் கடைச் சிக்கல் தீரும். சூட்டைத் தள்ளிவைத்தால் மிக்ஸிச் சிக்கல் தீரும்.

நான்கு பேருக்கு அளவு

பெஸ்டோ பிறந்த ஊர் ஜெனோவா. இத்தாலியின் வடமேற்குக் கடற்கரையில், லிகூரியா மாநிலத்தில் இருக்கிறது. அங்கே பின்பற்றுகிற அளவை ஒட்டியே நான் சொல்கிறேன்.

பேசில் இலை 60 கிராம் (காம்பு நீக்கி, லேசாக அழுத்தி நிரப்பினால் இரண்டரை முதல் மூன்று கப்)
பைன் கொட்டை 30 கிராம்
துருவிய பார்மிஜானோ சீஸ் 50 கிராம்
துருவிய பெகோரினோ சீஸ் 20 கிராம்
பூண்டு 1 பல்
கல் உப்பு அரை டீஸ்பூன்
எக்ஸ்ட்ரா வெர்ஜின் ஆலிவ் எண்ணெய் 70 மில்லி

இலை: இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்

ஜெனோவாவின் மேற்குப் பகுதியான பிராவில் விளையும் பேசிலுக்குத் தனிப் பெயர் உண்டு. அந்த ஜெனோவா பேசிலுக்கு 2005இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பும் கிடைத்தது. செடி சின்னதாக இருக்கும்போதே வேரோடு பிடுங்கி, கொத்துக் கொத்தாகக் கட்டி விற்பார்கள். இளம் இலை மெல்லிசாக, கொஞ்சம் வெளிறின பச்சையில், படகு மாதிரி குழிந்திருக்கும். முற்றிய இலையில் இந்த மென்மை போய், காரமும் கசப்பும் ஏறிவிடும்.

நம் ஊரில் தேடும்போது முதலில் துளசியை ஒதுக்கிவிடுங்கள். உறவுச் செடிதான், ஆனால் அதன் காட்டமான வாசனை சீஸோடு ஒட்டாது. திருநீற்றுப்பச்சிலை வேறு கதை. அது பேசில் இனமேதான். ஃபலூடாவில் போடும் சப்ஜா விதையும் இந்த இனத்தின் விதைதான். ஆனாலும் நம் ஊர் ரகங்களில் மணம் கனமாக இருக்கும் என்பதால் முழு அளவுக்கு அதையே போடாமல், இத்தாலியன் பேசில் குறையும்போது ஒரு கைப்பிடி சேர்த்துக்கொள்ளலாம். ஊதாத் தண்டுள்ள தாய் பேசிலில் சோம்பு வாசனை தூக்கலாக இருக்கும். பெஸ்டோவுக்கு அது வேண்டாம்.

பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளில் இத்தாலியன் பேசில் சின்ன பாக்கெட்டாகக் கிடைக்கும். 60 கிராம் சேர நாலைந்து பாக்கெட் வாங்க வேண்டி வரலாம். அந்தக் காசுக்கு நர்சரியில் ஒரு தொட்டிச் செடியே வாங்கிவிடலாம் என்பது என் கருத்து. விதையிலிருந்து வளர்க்க நினைத்தால் ஜெனோவீஸ் ரகம் என்று எழுதியிருக்கும் பாக்கெட்டைக் கேட்டு வாங்குங்கள். எங்கே வாங்கினாலும் ஓர் இலையைக் கசக்கி முகர்ந்து பாருங்கள். இனிப்பான மணமும் லேசான கிராம்பு வாசனையும் வந்தால் வாங்கலாம். புதினா வாசனை அடித்தால் விட்டுவிடுங்கள்.

வாங்கி வந்த கட்டை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். பேசிலுக்குக் குளிர் ஆகாது. மறுநாளே இலையில் கறுப்புத் திட்டு விழும். காம்பின் நுனியைப் புதிதாக வெட்டி, டம்ளர் தண்ணீரில் செருகி, வெயில் படாத இடத்தில் வெளியிலேயே வையுங்கள்.

மற்ற பொருள்கள்

பைன் கொட்டைக்குப் பதில் முந்திரி தாராளமாகப் போடலாம். கடையில் விற்கும் பாட்டில் பெஸ்டோவின் லேபிளைப் படித்துப் பாருங்கள், பலவற்றில் முந்திரிதான் இருக்கும். முழு முந்திரி தேவையில்லை. எப்படியும் அரைக்கத்தானே போகிறோம், பண்ருட்டி உடைத்த முந்திரி போதும். வறுக்க வேண்டாம், பச்சையாகவே போடுங்கள். தோல் உரித்த பாதாமும் சரிவரும். இமாச்சலத்தின் கின்னௌர் பக்கத்திலிருந்து வரும் சில்கோசாவும் பைன் கொட்டைதான், சுவை அருமை. விலைதான் கையைக் கடிக்கும்.

சீஸில் சைவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அசல் பார்மிஜானோ ரெஜ்ஜானோவில் பாலைத் திரிக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட்டைத்தான் சேர்க்கிறார்கள். அது வேண்டாம் என்பவர்கள், பச்சைப் புள்ளி போட்ட பார்மேசான் வகைச் சீஸை வாங்குங்கள். இவற்றில் நுண்ணுயிரி ரென்னட் பயன்படுத்துவார்கள். கட்டியாக வாங்கி வீட்டில் துருவுவதே நல்லது. டப்பாவில் வரும் தூள் சீஸில் கட்டிதட்டாமல் இருக்கச் சேர்க்கும் மாவு, பெஸ்டோவை வறட்டிவிடும். பெகோரினோ செம்மறியாட்டுப்பால் சீஸ், உப்பும் காரமும் கூடுதல். கிடைக்காவிட்டால் மொத்த 70 கிராமையும் பார்மேசானாகவே போட்டு, உப்பைக் கடைசியில் ருசி பார்த்துச் சேருங்கள். பனீரும் பீட்சா சீஸும் இதற்கு ஒத்துவராது.

பூண்டில் கை இறுக்கமாக இருக்கட்டும். லிகூரியாவின் வெஸ்ஸாலிகோ பூண்டு மென்மையானது. நம் மலைப்பூண்டுக்குக் காரம் அதிகம், அரைப் பல்லே போதும். நடுவில் பச்சை முளை இருந்தால் கீறி எடுத்துவிடுங்கள்.

எண்ணெய் ஆலிவ்தான், அதுவும் காரமில்லாத மிதமான ரகம். நல்லெண்ணெய் ஊற்றினால் பேசில் மணம் இருந்த இடம் தெரியாது.

பைன் கொட்டையை மாற்றியதும் இது அசல் இல்லையே என்று மனம் உறுத்தினால், ஜெனோவாவில் 1863இல் அச்சான பழைய குறிப்பை நினைத்துக்கொள்ளுங்கள். பேசில் இல்லாவிட்டால் மார்ஜோரம், பார்ஸ்லி என்ற வேறு மண இலைகளைப் போடச் சொல்கிறது. ஹாலந்து சீஸும் அதில் உண்டு.

மிக்ஸியில் செய்யும் முறை

1. சட்னி ஜாரையும் பிளேடையும் அரைமணி நேரம் ஃப்ரீசரில் வையுங்கள். எண்ணெயையும் கால்மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

2. இலைகளை மட்டும் கிள்ளிக் குளிர்ந்த தண்ணீரில் அலசி, பருத்தித் துணியில் பரப்பி முழுதாக உலர விடுங்கள். துணியால் அழுத்தித் துடைக்க வேண்டாம். இலை நசுங்கினால் அந்த இடத்திலேயே கறுக்கத் தொடங்கிவிடும். ஈரம் நின்றால் பெஸ்டோ நீர்த்துப்போகும். இதில் அவசரமே கூடாது.

3. பைன் கொட்டை (அல்லது முந்திரி), பூண்டு, கல் உப்பு மூன்றையும் முதலில் கொரகொரப்பாகப் பொடியுங்கள்.

4. இலையைப் போட்டு, பாதி எண்ணெயை ஊற்றி, இரண்டு மூன்று விநாடி ஓட்டி நிறுத்துங்கள். ஓரங்களை வழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். ஏழெட்டு முறைக்குள் முடிந்துவிடும். ஜாரின் அடியைத் தொட்டுப் பாருங்கள். சூடு தெரிந்தால் உடனே நிறுத்தி ஆற விடுங்கள், அந்தச் சூடுதான் நிறத்தையும் மணத்தையும் தின்கிறது. சந்தன விழுதாக அரைக்க வேண்டாம், இலைத் துணுக்கு கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

5. கிண்ணத்துக்கு மாற்றி, சீஸையும் மீதி எண்ணெயையும் கரண்டியால் கலக்குங்கள். ஆலிவ் எண்ணெய் முழுவதையும் மிக்ஸியில் அடித்தால் கசப்பு இறங்கும்.

கல் உரல் இருந்தால் இன்னும் அருமை. ஜெனோவாக்காரர்கள் பளிங்கு உரலும் மர உலக்கையும் வைத்துச் செய்கிறார்கள். உரலில் பெஸ்டோ செய்வதற்கென்றே உலகப் போட்டியும் நடத்துகிறார்கள். பூண்டும் உப்பும் முதலில், பிறகு கொட்டை, பிறகு கைப்பிடி கைப்பிடியாக இலை. ஓங்கி இடிக்காமல், ஆட்டுக்கல்லில் குழவியைச் சுற்றுவதுபோல ஓரத்தில் அழுத்திச் சுற்றுங்கள். கல் உப்பின் முனைகள் இலையைக் கிழித்து, பளிச்சென்ற பச்சைச் சாறு ஊறி வரும்போது சீஸைச் சேர்த்து, எண்ணெயை நூலாக விடுங்கள். மசாலா அரைக்கும் உரல் என்றால் மிளகாய் வாசனை போகக் கல் உப்பு போட்டுத் தேய்த்துக் கழுவியபின் தொடங்குங்கள்.

பாஸ்தாவில் கலக்குவது

லிகூரியாவில் ட்ரெனெட்டே பாஸ்தாவோடு உருளைக்கிழங்குத் துண்டும் பீன்ஸும் அதே தண்ணீரில் வெந்து சேர்வது வழக்கம். கிழங்கை முதலில் போடுங்கள். அது அரைவேக்காடு ஆனதும் பீன்ஸையும் பாஸ்தாவையும் போடுங்கள். வெந்த தண்ணீரில் ஒரு கரண்டி எடுத்து வைத்துக்கொண்டு வடியுங்கள். அடுப்பை அணைத்தபின்தான் பெஸ்டோ. எடுத்துவைத்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் புரட்டினால் மாவுச்சத்தும் எண்ணெயும் கூடி, பாஸ்தா முழுக்கப் பளபளவென்று ஒட்டும். வாணலியில் பெஸ்டோவை வதக்கினால் சீஸ் திரிந்து எண்ணெய் தனியாக நிற்கும்.

மிஞ்சினால்

பாட்டிலில் போட்டு, மேலே எண்ணெய் நிற்கும்படி ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால் நாலைந்து நாள் தாங்கும். வெளியே வைக்கவே வைக்காதீர்கள். எண்ணெயில் மூழ்கிய பச்சைப் பூண்டில் போட்டுலிசம் என்ற கொடிய நோயை உண்டாக்கும் பாக்டீரியா வளர வாய்ப்புண்டு. வாசனையை வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. நீண்ட நாளுக்கு வேண்டுமென்றால், சீஸ் சேர்க்காமல் ஐஸ் ட்ரேயில் ஊற்றி உறையவைத்து, தேவைப்படும்போது இரண்டு கட்டியை இளக்கிச் சீஸ் கலந்துகொள்ளுங்கள்.

உறையவைக்கும் பெஸ்டோவுக்கு இலையைக் கொதிநீரில் பத்து விநாடி முக்கி, உடனே ஐஸ் தண்ணீருக்கு மாற்றிப் பிழிந்து உலர்த்தி அரைத்தால் பச்சை நிறம் அப்படியே நிற்கும். கறுக்கவைக்கும் நொதி அந்தச் சூட்டில் செயலிழந்துவிடும். மணம் கொஞ்சம் குறையும் என்பதால் அன்றே சாப்பிடுவதற்கு இதைச் செய்ய வேண்டாம்.

பெஸ்டோவுக்குப் போதாத அளவு இலைதான் மிச்சமா? சிசிலியின் ட்ரபானியில் செய்வதுபோல, பாதாம், பூண்டு, பழுத்த தக்காளியோடு சேர்த்து அரைத்துவிடுங்கள். இதற்கு இலை கொஞ்சம் போதும். பிரான்ஸின் ப்ரோவான்ஸில் கொட்டையே போடாமல் அரைக்கும் பிஸ்டூவை, காய்கறியும் பீன்ஸும் போட்ட சூப்பில் இறக்கியபின் கலக்குகிறார்கள். இளந்தண்டுகளைத் தக்காளி சாஸ் கொதிக்கும்போது போட்டு, மணம் இறங்கியதும் எடுத்துவிடலாம். வெயிலில் காயவைத்துச் சேமிக்க மட்டும் முயல வேண்டாம், வாசனை பறந்துபோய் வெறும் சருகுதான் மிஞ்சும்.

செடி வைத்திருப்பவர்கள் இலையைத் தனித்தனியாகப் பறிக்காமல், இரண்டு இலை எதிரெதிராகக் கிளம்பும் கணுவுக்குச் சற்று மேலே நுனியோடு கிள்ளுங்கள். அந்தக் கணுவிலிருந்து இரண்டு கிளை வரும். பூமொட்டு தெரிந்ததும் கிள்ளி எறியுங்கள். பூத்தபின் இலை சிறுத்துக் கசக்கும். கிள்ளியதில் நீளமான தண்டு ஒன்றிரண்டைத் தண்ணீரில் நிறுத்தினால் ஓரிரு வாரத்தில் வேர்விடும், அதை அடுத்த தொட்டியில் நடலாம்.