பாத எலும்பில் மயிரிழை விரிசல்: நான் மீண்ட விதம்

வலது பாதத்தில், இரண்டாம் விரலுக்குப் பின்னால் உள்ள நீள எலும்பில் விரிசல். ஓடினால் வலிக்கும், உட்கார்ந்தால் அடங்கும். அந்த ஓரிடத்தை விரலால் அழுத்தினால் உயிர் போகும். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. இத்தகைய விரிசல் அதில் தெரிய 2, 3 வாரங்கள்கூட ஆகலாம் என்பதால், எக்ஸ்ரேயை மட்டும் நம்பி ஓடிவிடாதீர்கள். எம்ஆர்ஐ ஸ்கேன்தான் காட்டிக்கொடுத்தது.

மாவுக்கட்டு தேவைப்படவில்லை. அடிப்பாகம் வளையாத மருத்துவக் காலணி, ஓட்டத்துக்கு முழு ஓய்வு, அவ்வளவுதான். இந்த எலும்பு கூடுவதற்குப் பொதுவாக 6 முதல் 8 வாரங்கள் ஆகும். ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி குறைவாக இருந்ததால் அதற்கு மாத்திரை.

அந்த வாரங்களில் என்னைக் காப்பாற்றியது நீச்சல் குளம். இடுப்பில் மிதவைப் பட்டை கட்டி, கால் தரையில் படாமல் ஆழமான நீரில் ஓடினேன். நன்றாக மூச்சு வாங்கும். எலும்பில் அடி விழாது. ஓட்டக்காரர்களுக்கு இதைவிட நல்ல மருந்தை நான் அறியேன்.

அழுத்தினாலும் ஒற்றைக் காலில் குதித்தாலும் வலியில்லை என்றான பிறகே மருத்துவர் ஓட அனுமதித்தார். அதுவும் 1 நிமிட ஓட்டம், 2 நிமிட நடை என்று, ஒருநாள் விட்டு ஒருநாள். வலி உங்களுக்கு நடுப்பாதத்தின் மேற்புறத்தில் இருந்தால் உடனே காட்டுங்கள். அங்குள்ள படகெலும்பில் விரிசல் விழுந்தால் அது எளிதில் ஒன்றுசேராது, வாரக்கணக்கில் காலையே ஊன்ற விடமாட்டார்கள்.