பன்னீர் மணக்கும் வெள்ளை ஒயின்: கெவுர்ட்ஸ்ட்ராமினரைப் பழகும் முறை

கல்யாண வாசலில் பன்னீர் தெளிப்பார்களே, அந்த மணம் ஒயின் கோப்பையிலிருந்து வரும் என்று யார் எதிர்பார்ப்பார்கள்? பிரான்சின் அல்சாஸ் பகுதியில் விளைந்த கெவுர்ட்ஸ்ட்ராமினரை முதன்முதலாக முகர்ந்தபோது, வாசனைத் திரவியம் எதையோ கலந்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். எதுவும் கலக்கவில்லை, அது திராட்சையின் சொந்த மணம்.

1. முதலில் பெயர். கெவுர்ட்ஸ்-ட்ரா-மீ-னர். ஜெர்மன் மொழியில் 'கெவுர்ட்ஸ்' என்றால் மசாலா. ட்ராமின் என்பது வட இத்தாலியில், ஜெர்மன் பேசும் தென் டிரோலில் உள்ள ஊர். மசாலா என்றதும் மிளகாய்க் காரத்தைத் தேடாதீர்கள். மணம் தூக்கலானது என்பதே பொருள்.

2. பாட்டிலின் லேபிளைப் படியுங்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மணம் இனிப்பாக இருப்பதால் ஒயினும் இனிக்கும் என்று சொல்ல முடியாது. பிரெஞ்சில் 'செக்' (sec) என்றிருந்தால் இனிப்பில்லை. 'தெமி-செக்' என்றால் லேசான இனிப்பு. 'வாந்தாஞ் தார்தீவ்' என்பது நன்றாகப் பழுத்த பின் தாமதமாகப் பறித்த பழத்தில் செய்தது. பெரும்பாலும் தித்திக்கும், விலையும் அதிகம். முதல் பாட்டிலுக்கு 'செக்' போதும்.

3. மூக்கைத் தயார் செய்யுங்கள். எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. ஒரு கிண்ணத்தில் உரித்த லிச்சிப் பழம், இன்னொன்றில் சில துளி பன்னீர், பக்கத்தில் ஒரு துண்டு இஞ்சி. மூன்றையும் முகர்ந்துவிட்டுக் கோப்பைக்கு வாருங்கள். லிச்சியின் மணம் அப்படியே அங்கே இருக்கும். வெறும் கற்பனை அல்ல: 'ரோஸ் ஆக்சைடு' என்ற ஒரே வேதிப்பொருள் ரோஜா, லிச்சி, இந்தத் திராட்சை மூன்றிலும் இருக்கிறது.

4. குளிர வையுங்கள், உறைய வைக்காதீர்கள். சுமார் 10 டிகிரி செல்சியஸ் சரியாக இருக்கும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக் கால் மணி நேரம் வெளியே வைத்தால் போதும். மிகவும் குளிர்ந்தால் மணம் அடங்கிவிடும். சூடேறினால் ஆல்கஹால் முன்னால் வந்து நிற்கும். இந்த ஒயினில் ஆல்கஹால் 13 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம்.

5. கோப்பையில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றி, சுழற்றி, முகர்ந்து, சிறிது நேரம் நாவில் நிறுத்துங்கள். புளிப்பு குறைவு, லேசான எண்ணெய்த்தன்மை, கடைசியில் ஒரு மெல்லிய கசப்பு. கெட்டுப்போய்விட்டது என்று கொட்டிவிடாதீர்கள்! வெள்ளை ஒயின் என்று பெயர் இருந்தாலும் பழத்தின் தோல் இளஞ்சிவப்பு. அந்தத் தோல் தரும் கசப்பு அது.

6. அல்சாஸ்காரர்கள் இதனுடன் மன்ஸ்டர் என்ற சீஸைச் சாப்பிடுவார்கள். சீஸின் நாற்றம் அறையையே நிறைக்கும். அதற்கு ஈடுகொடுக்கும் மணம் இந்த ஒயினிடம் இருக்கிறது.

அடுத்த முறை அதே அல்சாஸின் ரீஸ்லிங் என்ற இன்னொரு வெள்ளை ஒயின் ஒரு கோப்பையைப் பக்கத்தில் வைத்து மாறி மாறிப் பருகுங்கள். ரீஸ்லிங்கின் எலுமிச்சைப் புளிப்பு நாவில் பட்டதும், கெவுர்ட்ஸ்ட்ராமினரில் எது குறைவு என்பது உடனே பிடிபடும்.