மனசுக்கு வைத்தியம்: மாத்திரை எதுக்கு, தெரபி எதுக்கு, காரைக்குடி பக்கம் எப்படி ஆரம்பிக்கிறது

மனநல டாக்டர் தேடும்போது பேரு பெத்த டாக்டரான்னு பாக்காதீங்க, மாசாமாசம் போய்ட்டு வர முடியுமான்னு பாருங்க. நம்ம பக்கம் என்ன நடக்குதுன்னா, காரைக்குடியில காட்டுனா கல்லுக்கட்டி ஏரியா பூரா தெரிஞ்சுரும், பொண்ணுக்கு வேற வரன் பாக்குற நேரம்னு யாருக்கும் தெரியாம கார் புடிச்சு மதுரைக்கோ திருச்சிக்கோ போவாங்க, ரெண்டு தடவை போவாங்க, மூணாவது தடவைக்குள்ள ஒரு கல்யாணம் ஒரு காதுகுத்துன்னு வந்து தள்ளிப் போயிரும், அதுக்குள்ள ஆளும் நல்லா தூங்கி சாப்பிட ஆரம்பிச்சிருப்பாங்க, சரி நல்லாத்தான இருக்குன்னு மாத்திரையும் நின்னுரும். கொஞ்ச மாசத்துல பழையபடி வந்தா கெட்ட பேரு மாத்திரைக்கு. மனசு வைத்தியம் பாதி தோத்துப் போறது இந்த இடத்துலதான், அதனால போக வர வசதியா இருக்குற இடமா மொதல்லயே பாத்துக்குங்க.

சிவகங்கை மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவு இருக்கு, மாத்திரையும் ஃப்ரீ. மாவட்ட மனநலத் திட்டத்துல டாக்டருங்க தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கு குறிப்பிட்ட நாள்ல வருவாங்க, உங்க ஊர் ஆஸ்பத்திரிக்கு எந்தக் கிழமைன்னு ஓபி சீட்டு போடுற இடத்துல கேட்டா சொல்லுவாங்க. புதுக்கோட்டை மாவட்டத்துப் பக்கம் இருக்கவங்களுக்கு புதுக்கோட்டை மெடிக்கல் காலேஜ் கிட்ட. எதுவுமே தெரியலைன்னா 14416க்கு போன் பண்ணுங்க, டெலி மானஸ்னு 2022ல ஆரம்பிச்ச அரசு லைன், தமிழ்லயே பேசலாம், எங்க போறதுன்னும் சொல்லுவாங்க.

யார் யாருன்னு தெரிஞ்சுக்கிறது நல்லது, ஏன்னா நம்ம ஊர்ல எல்லாரையும் நரம்பு டாக்டர்னு சொல்லிருவோம். நரம்பியல் டாக்டர் பாக்குறது வலிப்பு, பக்கவாதம் மாதிரி. சைக்கியாட்ரிஸ்ட்தான் மனநல டாக்டர், எம்பிபிஎஸ் முடிச்சு அதுக்கு மேல இதையே படிச்சவங்க, மாத்திரை எழுதுறது இவங்க. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் தெரபி, அதாவது பேசிப் பேசி செய்யிற வைத்தியம் குடுக்குறவங்க, ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு இருக்கான்னு கேக்கலாம், தப்பே இல்ல. ரெண்டு மாச கோர்ஸ் முடிச்சுட்டு கவுன்சிலர்னு போர்டு மாட்டுறவங்களும் இருக்காங்க, சைக்கியாட்ரிஸ்ட் இல்லாத யாராவது உங்க மாத்திரையை நிறுத்தச் சொன்னா எந்திரிச்சு வந்துருங்க.

மொத தடவை போகும்போது ஒரு பேப்பர்ல எழுதிட்டுப் போங்க. எப்ப ஆரம்பிச்சது, தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, குடி உண்டா, வேற என்ன மாத்திரை ஓடுது, குடும்பத்துல யாருக்காவது இருந்துச்சா (இதைத்தான் எல்லாரும் மறைப்பாங்க, ஆனா எந்த மருந்துன்னு முடிவு பண்ண டாக்டருக்கு இது ரொம்ப உதவும்). நோயாளியை தனியா டாக்டர்கிட்ட பேச விடுங்க, அம்மாவே பக்கத்துல உக்காந்து எல்லா பதிலையும் சொல்லிட்டா அந்தப் புள்ள எங்க வாயத் தொறக்கும். டாக்டர் தைராய்டு, பி12 டெஸ்ட் எழுதுனா காசு புடுங்குறாங்கன்னு நெனைக்காதீங்க, தைராய்டு கம்மியானாலே மனச்சோர்வு மாதிரிதான் தெரியும்.

மாத்திரைக்கு வருவோம். மனச்சோர்வு, பதட்டத்துக்கு இப்ப பெரும்பாலும் எழுதுறது எஸ்சிட்டலோப்ராம், செர்ட்ராலின், ஃப்ளூவாக்சடின் வகை. இது தலைவலி மாத்திரை மாதிரி போட்ட உடனே கேக்காது, ரெண்டுலேருந்து ஆறு வாரம் ஆகும், கொடுமை என்னன்னா குமட்டல், தலைவலி, லேசான படபடப்புன்னு பக்கவிளைவு மட்டும் மொத வாரமே வந்துரும், நல்லது பின்னாடிதான் வரும். அந்த மொத ரெண்டு வாரத்துலதான் நெறைய பேர் மாத்திரையத் தூக்கிப் போடுறாங்க. அந்தக் குமட்டல் பெரும்பாலும் தானா போயிரும், போகலைன்னா டாக்டர்கிட்ட சொல்லி மாத்திக்கலாம். இளவயசு புள்ளைங்கன்னா ஆரம்ப வாரங்கள்ல கூடவே கவனிக்கணும், சாகணும்ங்கிற எண்ணம் கூடுற மாதிரி தெரிஞ்சா உடனே டாக்டருக்கு போன். தாம்பத்தியத்துல ஆசை கொறையுறதும் இந்த வகை மருந்துல உண்டு, யாரும் வாயத் தொறந்து சொல்றதில்ல, சொன்னாத்தான் வேற மருந்து குடுப்பாங்க. வயசான ஆச்சிகளுக்கு இன்னொண்ணு, இந்த மாத்திரையால ரத்தத்துல சோடியம் எறங்கலாம், திடீர்னு குழப்பமா பேசுறாங்க, தள்ளாடுறாங்கன்னா வயசாயிருச்சுன்னு விட்டுறாம ரத்தம் எடுத்துப் பாருங்க.

நல்லானதுக்கு அப்புறமும் மொத தடவைன்னா ஆறு மாசத்துக்குக் கொறையாம ஓட்டச் சொல்லுவாங்க, அப்புறம் டோஸை கொஞ்சம் கொஞ்சமா கொறைப்பாங்க. பட்டுன்னு நிறுத்துனா தலைசுத்தல், எரிச்சல், கண்ட கனவு எல்லாம் வரும். அதைப் பாத்துட்டு ஐயோ அடிமையாயிட்டோம்னு பயப்பட வேண்டாம், இந்த வகை போதை மருந்து இல்ல. உண்மையில பழக்கமாகுறது அல்ப்ரசோலாம், க்ளோனசெபாம் மாதிரி உள்ளது, இதைத்தான் மெடிக்கல்ல சீட்டு இல்லாம தூக்க மாத்திரைன்னு கேட்டு வாங்கி வருசக்கணக்கா போட்டுட்டு இருப்பாங்க, கேட்டா அது சும்மா தூக்கத்துக்குன்னு சொல்லுவாங்க. அது கொஞ்ச நாளுக்கு மட்டும் குடுக்குறது, ரொம்ப நாள் போட்டிருந்தா நீங்களா நிறுத்தவும் கூடாது, வலிப்பு வரலாம்.

பைபோலாருக்கு, அதாவது கொஞ்ச காலம் அளவுக்கு மீறுன உற்சாகம், கொஞ்ச காலம் மனச்சோர்வுன்னு மாறி மாறி வர்ற வியாதிக்கு, லித்தியம் குடுப்பாங்க, பழைய மருந்து, 1949லயே ஜான் கேட்னு ஆஸ்திரேலிய டாக்டர் எழுதுனது, இன்னைக்கும் அதுக்கு நிகர் கம்மி. ஆனா ரத்தத்துல லித்தியம் அளவு பாத்துட்டே இருக்கணும், கிட்னி, தைராய்டும் பாக்கணும். நம்ம ஊர் சித்திரை வெயில்ல வேர்த்துக் கொட்டி தண்ணி குடிக்காம இருந்தாலோ வயித்தால போனாலோ அளவு ஏறிரும், மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக், ப்ரூஃபென்னு கடையில வாங்கிப் போட்டாலும் ஏறும். கை நடுக்கம் கூடி, வாந்தி, பேச்சு குளறுனா அன்னைக்கே ஆஸ்பத்திரி. மனச்சிதைவுக்கு (இல்லாத குரல் கேக்குறது, காரணமில்லாத சந்தேகம் மாதிரி வர்ற ஸ்கிசோஃப்ரினியா) ரிஸ்பெரிடோன், ஓலான்சபின் குடுப்பாங்க, ஓலான்சபின்ல எடையும் சுகரும் கூடும், அதனால மாசம் ஒருக்க எடை பாத்து எழுதி வைங்க. கல்யாணம் ஆகி குழந்தைக்குப் பாக்குற பொண்ணுங்க அதை டாக்டர்கிட்ட மொதல்லயே சொல்லணும், வால்ப்ரோயேட் மாதிரி சிலது கருவுக்கு ஆகாது. கரெண்ட் வைக்கிறதுன்னு பயப்படுறாங்களே அந்த இசிடி, மயக்க மருந்து குடுத்துத்தான் செய்யிறாங்க, சாப்பிடாம பேசாம கெடக்குற கடுமையான மனச்சோர்வுக்கு அது வேகமா கேக்கும்.

தெரபின்னா அட்வைஸ் பண்றது இல்ல. நல்லதே நெனைங்கன்னு சொல்ல சொந்தக்காரங்க போதும். சிபிடின்னு ஒண்ணு இருக்கு, நெனைப்பையும் நடந்துக்கிற விதத்தையும் மாத்திப் பழக்குற முறை, வாரம் ஒரு தடவை முக்கா மணி நேரம் ஒரு மணி நேரம், மூணு நாலு மாசம் போகும், வீட்டுப் பாடமும் உண்டு. ஓசிடின்னா ஒரே எண்ணம் திரும்பத் திரும்ப வந்து ஒரே வேலையை திரும்பத் திரும்ப செய்ய வைக்கிற வியாதி, அதுக்கு ஒரு உதாரணம், நம்ம பக்கத்துப் பெரிய வீடு, முகப்புக் கதவு, வளவுக் கதவு, பின்கட்டுக் கதவுன்னு ராத்திரி பூட்டுன பூட்டையே இருவது தடவை இழுத்துப் பாத்துட்டு படுக்க முடியாம தவிக்கிறவங்க இருப்பாங்க. வீட்டுல எல்லாரும் பூட்டியாச்சு பூட்டியாச்சுன்னு சொல்லி சொல்லி அதை வளத்து விட்டிருப்போம். தெரபியில ஒரு தடவை மட்டும் பாத்துட்டு வந்து படுக்கணும், பதட்டம் ஏறும், ஏறட்டும், எந்திரிக்காம இருந்தா அது தானா எறங்குறதை உடம்பு கத்துக்கும், கேக்க ஈஸி, செய்ய கஷ்டம், ஆனா ஓசிடிக்கு இதுதான் முக்கியமான வைத்தியம். புள்ளைங்க சிங்கப்பூர்ல, அவ்வளவு பெரிய வீட்டுல ஒத்தையா இருக்குற ஆச்சிக்கு மனச்சோர்வுன்னா வேற முறை, மனசு வந்தப்புறம் செய்யலாம்னு காத்திருக்காம தினம் ஒரு சின்ன வேலை, ஒரு ஆளோட பேச்சுன்னு நேரம் குறிச்சு செய்ய வைப்பாங்க. வீட்டுல இருந்தே வீடியோவுலயும் தெரபி எடுக்கலாம்.

மாத்திரையா தெரபியான்னு கேட்டா, லேசான மனச்சோர்வு, பதட்டம்னா தெரபி மட்டுமே போதும், நடுத்தரம் கடுமைன்னா ரெண்டும் சேந்து. மனச்சிதைவுக்கும் பைபோலாருக்கும் மாத்திரைதான் அடிப்படை, தெரபி அதுக்குத் துணையா இருக்கும், தெரபியை மட்டும் நம்பக்கூடாது.

மனசு சரியாகணும்னு திருச்சி பக்கத்துல குணசீலம் பெருமாள் கோயிலுக்கு 48 நாள் போய் இருக்கணும்னு வேண்டுதலா, தாராளமா போங்க, மாத்திரை டப்பாவையும் எடுத்துட்டுப் போங்க. ஆனா எங்கயும் கட்டிப் போட விடாதீங்க. 2001 ஆகஸ்ட் 6ல ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில மனநோயாளிங்களை வச்சிருந்த இல்லத்துல தீப்பிடிச்சப்போ சங்கிலியில கட்டியிருந்ததால தப்பிக்க முடியாம 28 பேர் செத்தாங்க. 2017 மனநலச் சட்டப்படி சங்கிலி போடுறது குத்தம். அதே சட்டத்துலதான் உடம்பு வியாதிக்கு குடுக்குற மாதிரியே மனசு வியாதிக்கும் இன்சூரன்ஸ் குடுக்கணும்னு இருக்கு, உங்க பாலிசியில கேளுங்க.

சாகணும்னு பேசுனா சும்மா மெரட்டுறாங்கன்னு விட்டுறாதீங்க, அப்படி தோணுதான்னு நேராவே கேக்கலாம், கேட்டா எண்ணம் வந்துராது. தனியா விடாம கூடவே இருங்க, தோட்டத்துக்கு வாங்கி வச்ச பூச்சி மருந்து, வீட்டுல சேந்து கெடக்குற மாத்திரை எல்லாத்தையும் பூட்டி சாவியை வேற ஆள் வச்சுக்கணும். ஏற்கனவே எதையாவது குடிச்சிருந்தா யோசிக்காம 108, மருந்து டப்பாவையும் கையோட எடுத்துட்டுப் போங்க.