மூன்று பாட்டிலில் மண்ணரிப்பு: பிள்ளைகளோடு ஒரு சோதனை

போன மழைக்காலத்தில் மேட்டுப்பாளையம் பாலத்தைக் கடக்கும்போது, "பவானித் தண்ணி ஏன்ப்பா டீ மாதிரி இருக்கு?" என்றாள் மகள். மலைச்சரிவில் கேரட், உருளைக்கிழங்கு போட்ட தோட்டங்களின் மண்ணும் அதில் வருகிறது என்றேன். நம்பவில்லை. சரி, செய்தே காட்டலாம் என்று இறங்கினேன்.

முதலில் 2 லிட்டர் பாட்டில் மூன்றைப் படுக்கவைத்து, மேல்பக்கத்தில் நீளமாக ஜன்னல் வெட்டுங்கள். வெட்டுவது பெரியவர்கள் வேலை. மூன்றிலும் ஒரே மண்ணை நிரப்பி லேசாக அமுக்குங்கள். ஒன்றில் கேழ்வரகை நெருக்கமாகத் தூவி, பன்னிரண்டு நாள் தண்ணீர் தெளித்து வளர்க்க வேண்டும். வெந்தயம் சீக்கிரம் முளைக்கும்தான். ஆனால் அதன் ஆணிவேர் மண்ணை இறுக்கிப் பிடிக்காது. சல்லிவேர் உள்ள கேழ்வரகுக்குத்தான் என் ஓட்டு. சோதனையன்று இரண்டாவதில் காய்ந்த இலைகளைப் பரப்புங்கள். மூன்றாவது வெறும் மண்.

நான் சறுக்கியது மண்ணின் மட்டத்தில். பாட்டில் வாயின் கீழ் விளிம்புக்கு இரண்டு விரல் கீழே நிரப்பிவிட்டேன். ஊற்றிய தண்ணீர் உள்ளேயே குளமாகத் தேங்கியது; டம்ளரில் ஒரு சொட்டு விழவில்லை. பிள்ளைகள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! மண் அந்த விளிம்புக்குச் சரியாக வரவேண்டும். அப்புறம், பாட்டிலின் அடிப்பக்கத்துக்குக் கீழே ஒரே தடிமனுள்ள புத்தகம் ஒன்றை மூன்றுக்கும் வையுங்கள். சரிவு மாறினால் ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

அடுத்தது மழை. சொம்பால் கொட்டினால் கேழ்வரகு மண்ணும் குழியாகும். ஒரு தண்ணீர் பாட்டில் மூடியில் சூடேற்றிய ஊசியால் பத்துப் பன்னிரண்டு துளை போட்டால் போதும், கடைப் பூவாளியைவிட நன்றாகத் தூறும். ஒரு சாண் உயரத்திலிருந்து ஒவ்வொன்றுக்கும் அரை லிட்டர்.

பாட்டில் வாய்க்குக் கீழே கண்ணாடி டம்ளர்களை வைத்துத் தண்ணீரைப் பிடித்தோம். வெறும் மண்ணிலிருந்து வந்தது அசல் டீ. இலை போட்டதில் லேசான கலங்கல், கேழ்வரகில் கிட்டத்தட்டத் தெளிவு. டம்ளர்களை இரவு முழுக்க அசைக்காமல் வைத்தால், அடியில் படிந்த மண்ணை ஸ்கேலால் அளக்கலாம்.

பின்சேர்க்கை: இலை போட்டதிலும் கலங்கலாகவே வருகிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். மண் தூளாகக் காய்ந்திருந்தால் தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலாகவே ஓடும். முந்தின நாளே மூன்றையும் ஒரே அளவு நனைத்துவையுங்கள். இலைகளும் மண்ணில் படிந்து கிடக்கட்டும், மிதந்தால் பயனில்லை.