டயப்பரைப் பிளந்து பாருங்கள்

காமாலையோடு ஒரு கைக்குழந்தை வந்தால் நான் முதலில் கேட்பது ரிப்போர்ட்டை இல்லை, டயப்பரை. பல வருடங்களுக்கு முன் ஓர் அம்மா "மஞ்சளாத்தான் போறான்" என்று சொன்னதை நம்பி, பத்து நாள் கழித்து வரச் சொல்லிவிட்டேன். மறுமுறை நானே பார்த்தேன். வெளியே தெரிந்த மஞ்சள் சிறுநீர் பட்ட சாயம். குச்சியால் மலத்தைப் பிளந்தால் உள்ளே வெறும் சுண்ணாம்பு நிறம். மலத்துக்கு நிறம் தரும் பித்தம் குடலுக்கு இறங்கவில்லை, பித்தநாளம் அடைத்திருக்கலாம் (பிலியரி அட்ரீசியா) என்று அர்த்தம். அந்தப் பத்து நாள் என்னால் போனது. இப்போதெல்லாம் பிளந்து, ஜன்னல் ஓரத்தில் வைத்துத்தான் பார்க்கிறேன். டியூப் லைட் வெளிச்சத்தில் நிறம் ஏமாற்றும்.

பிறந்து 14 நாள் தாண்டியும் கண் மஞ்சளாக இருந்தால், ரத்தப் பரிசோதனையில் மொத்த பிலிருபினோடு (காமாலையின் மஞ்சள் நிறமி), அதில் கல்லீரல் பதப்படுத்திய பகுதியான நேரடி பிலிருபினையும் தனியாகக் கேட்டு வாங்குங்கள். நேரடி பிலிருபின் டெசிலிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் "தாய்ப்பால் காமாலைதான், தானாகப் போய்விடும்" என்று அனுப்பக் கூடாது. பித்தநாளம் அடைத்த குழந்தை முதல் வாரங்களில் கொழுகொழுவென்று, நன்றாகப் பால் குடித்துக்கொண்டுதான் இருக்கும். தாமதமாவதே அதனால்தான்.

அல்ட்ராசவுண்ட் ஸ்கேனுக்கு நான்கு மணி நேரம் பால் கொடுக்காமல் அனுப்புங்கள். பித்தப்பை சுருங்கியோ காணாமலோ இருந்தால் சந்தேகம் வலுக்கும். பித்தப்பை தெரிகிறது என்பதற்காக நோயே இல்லை என்று விட்டுவிட முடியாது. அடுத்தது ஹைடா ஸ்கேன், ஊசியில் ஏற்றிய கதிரியக்க மருந்து பித்தத்தோடு எங்கே போகிறது என்று பார்ப்பது. அந்த மருந்து குடலுக்கு இறங்கிவிட்டால் அடைப்பு இல்லை. இறங்காவிட்டால் அடைப்பு என்று முடிவுகட்டவும் முடியாது, கடுமையான கல்லீரல் அழற்சியிலும் அப்படி ஆகும். இந்த ஸ்கேனுக்கு முன் ஐந்து நாள், பித்த ஓட்டத்தைத் தூண்டும் பீனோபார்பிடோன் மருந்து வேறு கொடுக்க வேண்டும். குழந்தைக்கு ஏழு வாரம் நெருங்கிவிட்டால் நான் அதற்குக் காத்திருப்பதில்லை. கல்லீரலில் துளி சதை எடுத்துச் சோதிக்கும் பயாப்சியை முடித்துவிட்டு நேராக ஆபரேஷன் தியேட்டர். பிறந்து 60 நாளுக்குள் ஆபரேஷன் செய்தால் பலன் கூடுதல், அதற்கும் முன்பே என்றால் இன்னும் நல்லது.

வைட்டமின் கே கொடுத்து, ரத்தம் உறையும் நேரத்தைச் சரிபார்த்த பிறகே கத்தி. முதலில் சின்ன வெட்டு, பித்தப்பை வழியாகச் சாயம் ஏற்றி எக்ஸ்ரே. சாயம் கீழே குடலுக்கும் மேலே கல்லீரலுக்கும் போனால் மூடிவிட்டு வரலாம். போகவில்லையா, சரி, ஜப்பானின் மோரியோ கசாய் 1950களில் தொடங்கிய ஆபரேஷன்தான்.

நாராகிப்போன பித்தநாளத்தைப் பிடித்துக்கொண்டே மேலே, குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரை இரண்டாகப் பிரியும் கவட்டை வரை போக வேண்டும். அங்கே அந்த நார் ஒரு தட்டையான திட்டாக விரியும். அதைக் கல்லீரலின் மேற்பரப்பு மட்டத்தில் சீவுவதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆழம் போனால் கல்லீரல் காயப்பட்டுத் தழும்பாகும், மேலோட்டமாகச் சீவினால் பித்தம் வரும் நுண்குழாய்கள் திறக்காது. ரத்தம் கசிந்தால் பதறிக் கரன்ட் வைத்துச் சுடாதீர்கள், அந்த நுண்குழாய்களும் சேர்ந்து பொசுங்கும். துணியை வைத்து அழுத்திவிட்டுக் காத்திருங்கள். அப்புறம் சுமார் 40 செ.மீ. சிறுகுடலைப் பெருங்குடலுக்குப் பின்னால் கொண்டுவந்து, பித்தம் நேராக அதற்குள் வடியும்படி, திட்டின் ஓரத்தைச் சுற்றி மட்டும் தையல்.

வீட்டுக்கு அனுப்பும்போது பித்தம் ஓட உதவும் உர்சோ மருந்தும் ஏ, டி, இ, கே வைட்டமின்களும் உண்டு. காய்ச்சலோ, மறுபடி மலம் வெளுப்பதோ தெரிந்தால் அன்றைக்கே வரச் சொல்லுங்கள். பித்தநாளத் தொற்றாக இருக்கலாம், ஊசி மருந்து தேவைப்படும். ஆபரேஷன் முடிந்து மூன்று மாதத்தில் மொத்த பிலிருபின் 2 மில்லிகிராமுக்குக் கீழே வரவில்லை என்றால் கல்லீரல் மாற்றுக் குழுவிடம் அனுப்பிவிடுங்கள். அந்தப் பேச்சைப் பெற்றோரிடம் ஆபரேஷனுக்கு முதல் நாளே பேசிவிடுவது என் வழக்கம். அன்று அழுவார்கள், பின்னால் சொன்னால் ஏமாற்றிவிட்டதாக நினைப்பார்கள்.